பெரிய சக்கரமா? சரியான சக்கரமா?



லேப்பில் பிரேக் டிரம்மைக் கழற்றி மாட்டி, ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து கையெழுத்து வாங்கியாயிற்று. "பிரேக் சமாச்சாரம் அவ்வளவுதான்பா" என்று மூடி வைத்துவிட்டோம். அந்த நோட்டை மறுபடியும் கொஞ்சம் திறப்போமா?

அமெரிக்காவில் 'மசில் கார்' என்று ஓர் இனம் உண்டு. சாதாரண காருக்குள் ஒரு பெரிய வி-8 இன்ஜினைத் தூக்கி வைத்தால் அதுதான் மசில் கார். 1964 மாடலாக வந்த பான்டியாக் ஜி.டி.ஓ., 1967 மாடலாக வந்த செவர்லே கமாரோ எல்லாம் இந்த வம்சம். சிக்னலில் பச்சை விழுந்ததும் நேராகப் பறக்க வேண்டும், அதுதான் லட்சியம். நிற்பதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. அந்தக் காலத்தில் பல கார்களில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். முன்பக்கம் டிஸ்க் வேண்டுமா? தனிக் காசு!

இப்படிப்பட்ட காரை ரேஸ் டிராக்கில் இறக்கினால் என்ன ஆகும்? ஜார்ஜியா மாநிலத்தில் 'ரோடு அட்லாண்டா' என்று 2.54 மைல் நீளமுள்ள டிராக் இருக்கிறது. அதன் பின்பக்கத்து நீண்ட நேர்பாதை முடிவில் '10-ஏ' என்ற இடது திருப்பம். முழு வேகத்தில் வருகிறவர் அங்கே பிரேக்கை மிதித்தே ஆக வேண்டும். மிதித்த பெடல் பொசுக்கென்று தரை வரைக்கும் போய்விட்டால்...? ஆளைக் காப்பாற்றப் போவது காரின் அழகல்ல. நாம் மார்க்குக்காகப் படித்த சூத்திரம்தான்.

கணக்கு போடுவோம்

ஓட்டுநரோடு சேர்த்து காரின் எடை 1,800 கிலோ. வேகம் மணிக்கு 216 கி.மீ., அதாவது விநாடிக்கு 60 மீட்டர். அதை விநாடிக்கு 20 மீட்டராகக் குறைக்க வேண்டும். இயக்க ஆற்றல் எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வரும். அப்படியானால் குறைய வேண்டிய ஆற்றல் 900 × (3,600 − 400) = 28,80,000 ஜூல்.

நல்ல டயர் இருந்தால் இதற்கு சுமார் 4 விநாடி ஆகும். அப்படியென்றால் 720 கிலோவாட்! 505 குதிரைத்திறன் உள்ள இன்ஜின் கொடுப்பதே சுமார் 377 கிலோவாட்தான். இன்ஜினை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேலையை பிரேக் செய்கிறது. ஆனால் பேனட்டைத் திறந்து இன்ஜினைக் காட்டுகிறவர்கள் பிரேக்கைக் காட்டுவதே இல்லை.

இந்த ஆற்றலில் 70 சதவீதம் முன் சக்கரங்களுக்குப் போகிறது என்று வைத்தால், ஒரு முன் டிஸ்க்குக்கு சுமார் 10 லட்சம் ஜூல். டிஸ்க் 10 கிலோ வார்ப்பிரும்பு என்றால், ஒரே மிதியில் சுமார் 200 டிகிரி சூடு ஏறும். ஆறுவதற்குள் அடுத்த திருப்பம், அடுத்த மிதி!

பிரேக் எப்படிக் கைவிடுகிறது?

இரண்டு விதம். ஒன்று, பேட் தாங்க முடியாத அளவுக்குச் சூடாகி அதன் உராய்வு குறைந்துவிடும். பெடல் கல் மாதிரி இருக்கும், வண்டி நிற்காது.

இன்னொன்று இதைவிட மோசம். சூடு பேடிலிருந்து பிஸ்டனுக்கும், பிஸ்டனிலிருந்து பிரேக் ஆயிலுக்கும் ஏறும். புது டாட்-4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஆனால் இந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் விதிப்படியே கொதிநிலை 155 டிகிரி வரை இறங்கலாம். கொதித்தால் ஆவி வரும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். பெடல் தரையைத் தொடும், கேலிப்பருக்கு அழுத்தமே போகாது.

"அப்போ பெரிய டிஸ்க் போட்டா சட்டுனு நிக்கும் இல்லையா?" என்று பக்கத்து பெஞ்சு நண்பர் கேட்பார். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். சக்கரத்தை லாக் செய்யும் அளவுக்கு பிரேக் ஏற்கெனவே பிடிக்கிறது என்றால், அதற்கு மேல் முடிவு செய்வது டயரும் ரோடும்தான். பெரிய டிஸ்க் முதல் மிதியில் பெரிதாக எதையும் தராது. பத்தாவது மிதியும் முதல் மிதி மாதிரியே இருக்கத்தான் அது உதவும். காரணம், கூடுதல் எடை கூடுதல் சூட்டை வாங்கிக்கொள்ளும், பெரிய பரப்பு சீக்கிரம் ஆறும்.

சக்கரத்துக்கு வருவோம்

பெரிய டிஸ்க் வேண்டுமென்றால் அது உள்ளே அடங்கப் பெரிய ரிம் வேண்டும். டிராக் காரில் ரிம் பெரிதாவதற்கு இதுதான் முக்கியமான காரணம். வழக்கமாக 330 மி.மீ. டிஸ்க்குக்கு 17 அங்குலமும், 355 மி.மீ. டிஸ்க்குக்கு 18 அங்குலமும் வேண்டியிருக்கும். அதற்கு மேல் போவதெல்லாம் பார்வைக்குத்தான். ரிம் பெரிதானால் பெரும்பாலும் எடை கூடும். அந்த எடை ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பதால் மேடு பள்ளத்தில் டயர் ரோட்டை விட்டு எளிதாக எழும்பும். அதோடு அது சுழலும் எடை. சக்கரத்தின் விளிம்பில் கூடும் ஒரு கிலோ, ஆக்ஸிலரேட் செய்யும்போது கிட்டத்தட்ட இரண்டு கிலோவாகக் கணக்காகும்.

இதற்கு நல்ல சாட்சி செவர்லே கம்பெனியே. 1967 கமாரோ இசட்/28, டிரான்ஸ்-ஆம் ரேஸுக்காகவே வந்த கார். அதில் 15 அங்குல ரிம், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். அதே பெயரில் 2014-ல் ஒரு டிராக் கார் வந்தது: 7 லிட்டர் இன்ஜின், 505 குதிரைத்திறன். எடை குறைய ஏ.சி.யைக்கூட விருப்பப்பட்டால்தான் கொடுத்தார்கள்! அதன் அண்ணனான இசட்.எல்.1-ல் 20 அங்குல ரிம். டிராக் காருக்கோ 19 அங்குலமாகக் குறைத்தார்கள். நான்கு சக்கரத்துக்கும் 305/30 டயர்.

இந்த எண்ணைப் பிரித்துப் பாருங்கள். அகலம் 305 மி.மீ., பக்கச் சுவர் அதில் 30 சதவீதம், 91.5 மி.மீ. ரிம் 482.6 மி.மீ. ஆக மொத்த விட்டம் சுமார் 666 மி.மீ. அண்ணன் காரின் பின் டயர் 305/35-20, அதன் விட்டம் சுமார் 721 மி.மீ. விட்டம் குறைந்ததால் அச்சு சுமார் 28 மி.மீ. கீழே இறங்குகிறது. கியர் விகிதமும் டார்க்கும் அதேதான் என்று வைத்தால் ரோட்டில் இழுவிசை 8 சதவீதம் கூடுகிறது.

அப்படியானால் 18 அங்குலம் ஏன் போடவில்லை? முன் டிஸ்க் 394 மி.மீ. கார்பன் செராமிக். 19 அங்குல ரிம்மில் டிஸ்க் விளிம்புக்கு வெளியே 44 மி.மீ. இருக்கிறது. 18 என்றால் சுமார் 32 மி.மீ.தான், அதிலும் ரிம்மின் தடிமன் போக வேண்டும். ஆறு பிஸ்டன் கேலிப்பர் எங்கே உட்காரும்? பிரேக் உள்ளே அடங்கும் மிகச் சிறிய ரிம்மே சிறந்த ரிம். விரலுக்குத் தகுந்த வீக்கம்!

அவசரப்பட்டால் வரும் வம்பு

முன்பக்கம் மட்டும் பெரிய டிஸ்க், பெரிய கேலிப்பர் மாட்டினால் முன் சக்கரம் சீக்கிரம் லாக் ஆகும், பின் பிரேக் சும்மா இருக்கும். நிற்கும் தூரம் குறைவதற்குப் பதில் கூடக்கூட வாய்ப்பு உண்டு. பாஸ்கல் விதியையும் மறக்காதீர்கள். கேலிப்பர் பிஸ்டன் பரப்பு கூடினால் அதை நகர்த்த அதிக ஆயில் வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் பழையதே என்றால் பெடல் அதிக தூரம் இறங்கும்.

ரிம் வாங்கும்போது விட்டத்தை மட்டும் பார்த்தால் போதாது. ஆஃப்செட் தப்பானால் டயர் ஃபெண்டரில் உரசும், ஸ்டியரிங் கையை இழுக்கும். ஸ்போக் கேலிப்பரில் இடிக்கிறதா என்று அட்டையில் டெம்ப்ளேட் வெட்டி வைத்துப் பார்ப்பது நல்லது.

ஆகவே செலவு செய்ய வேண்டிய வரிசை இது:

1. புது பிரேக் ஆயில், ஒழுங்காக ஏர் பிளீடிங்.
2. டிராக்குக்கு ஏற்ற பேட்.
3. டிஸ்க்கின் நடுப்பகுதிக்குக் காற்று கொண்டுவரும் குழாய்.
4. நல்ல பிடிப்புள்ள டயர்.
5. இத்தனைக்கும் பிறகு சூடு அடங்கவில்லை என்றால் பெரிய டிஸ்க். அது அடங்கும் அளவுக்கு மட்டும் ரிம்.

ஓடி முடித்ததும் ஒரு சுற்று மெதுவாக வந்து பிரேக்கை ஆறவிட வேண்டும். சூட்டோடு ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தக் கூடாது.

முதல் மூன்றும் வெளியே தெரியாத வேலை, போட்டோவில் விழாது. ஆனால் 10-ஏ திருப்பத்தில் காலுக்குக் கீழே பெடல் கெட்டியாக நிற்பது அவற்றால்தான். நாளைக்கு நம்மிடம் ஒருவர் வந்து "பெரிய வீல் போடணும் தம்பி" என்று கேட்டால், உடனே கேட்லாக்கை நீட்டாதீர்கள். "ஆயில் கடைசியா எப்போ மாத்தினீங்க சார்?" என்று முதலில் கேளுங்கள். அந்தக் கேள்விக்காகத்தான் நமக்கு டிப்ளமோ!