கோட்டைக் கேக்கும் அதன் கோபுரங்களும்

பிறந்தநாள் விழாக்களில் கோட்டை வடிவக் கேக்குக்குத் தனி வரவேற்பு உண்டு. நான்கு மூலைகளிலும் உருண்டைக் கோபுரங்கள், அவற்றின்மேல் கூம்புக் கூரைகள், உச்சியில் சிறு கொடிகள். அடியிலுள்ள கேக்கைச் செய்வது எளிது; கோபுரங்களை நிமிர்ந்து நிற்கச் செய்வதே அரிது. அந்தக் கைவேலையைக் காண்பதற்காகச் சென்ற ஆகஸ்டு மாதத்தில், மும்பைப் புறநகர் ஒன்றில் வீட்டிலிருந்தே கேக் தயாரித்து விற்கும் எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் சமையலறைக்குச் சென்றிருந்தோம். வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது.

மழையைப் பற்றியே அவர் முதலில் பேசினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே பருவத்தில்தான் அவருக்கு முதல் கோட்டைக் கேக் ஆர்டர் கிடைத்தது. வெறும் ஃபாண்டன்ட்டால் கோபுரங்களைச் செய்து, முதல்நாள் இரவே கேக்கின்மேல் பொருத்திக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டார். காலையில் வெளியே எடுத்ததும் அவை வியர்க்கத் தொடங்கின. சிறிது நேரத்தில் ஒன்று சாய்ந்தது. அது விழுந்த வேகத்தில் அடுத்ததும் சரிந்தது. பெற்றிருந்த 4,000 ரூபாயையும் திருப்பிக் கொடுத்தார். கேக்கை வாங்க வந்த தந்தை ஒரு சொல்லும் கடிந்து பேசாமல் நின்றதுதான் பணத்தைவிட அதிகம் வருத்தியது என்றார்.

காரணம் எளியது. சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. குளிர்ந்த பொருளை வெப்பமும் ஈரமும் நிறைந்த காற்றில் வைத்தால் அதன்மேல் நீர்த்துளிகள் படியும். இவ்விரண்டும் சேர்ந்தால் எந்தக் கோபுரமும் நிற்காது. ஆகவே இப்போது அவர் கேக்குக்கு ஐந்து நாட்கள் முன்னதாகவே கோபுர வேலையைத் தொடங்கிவிடுகிறார்.

கால் கிலோ ஃபாண்டன்ட்டில் ஒரு தேக்கரண்டி டைலோஸ் பொடியைத் தூவிப் பிசைந்து, இறுக மூடிச் சில மணி நேரம் வைக்கிறார். இப்பொடி கலந்த மாவு உலர்ந்தபின் ஓடு போல் கெட்டியாகிவிடும். பின்னர் மூன்று மில்லிமீட்டர் கனத்தில் தேய்த்து, தட்டையாக இருக்கும்போதே சன்னல்களை வெட்டியெடுக்கிறார். செங்கல் வரிகளைக் கத்தியின் பின்புறத்தால் பதிக்கிறார். உருட்டியபின் இவற்றைச் செய்ய முயன்றால் குழாய் நசுங்கிவிடுமாம். ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள அட்டைக் குழாயில் பட்டர் பேப்பரைச் சுற்றி, அதன்மேல் 17 சென்டிமீட்டர் நீளப் பட்டையைச் சுருட்டி, மிஞ்சியதை நறுக்கி, ஓரங்களைத் தண்ணீர் தொட்டு ஒட்டுகிறார். ஒட்டிய பக்கம் கோட்டையின் பின்புறமாகத் திரும்பிவிடும். அரைநாள் கழித்துக் குழாயை மெல்ல உருவிவிட்டால் உட்புறமும் காய்கிறது. குளிர்சாதன அறையில், மின்விசிறியின் கீழ், கோபுரங்கள் நின்றபடியே உலர்கின்றன.

கூரைக்கு நாங்கள் எதிர்பாராத கணக்கு ஒன்று இருந்தது. அரைவட்டமாக வெட்டிச் சுருட்டினால் கூம்பு கிடைக்கும். அந்த அரைவட்டத்தின் ஆரம் எவ்வளவோ அவ்வளவே கூம்பின் அடிவிட்டம். ஏழு சென்டிமீட்டர் ஆரத்தில் வெட்டினால், ஒட்டுவதற்குரிய விளிம்பு போக, கோபுரத்தின்மேல் சற்றே நீண்டு நிற்கும் கூரை அமைகிறது. அவசர வேலையென்றால் ஐஸ்கிரீம் கூம்பைக் கவிழ்த்து வைத்து ராயல் ஐசிங் பூசிவிடலாம். அதில் குறையொன்றும் எங்களுக்குத் தென்படவில்லை; அவருக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

சர்க்கரையில் கட்டடம் எழுப்பும் ஆசை புதியதன்று. பாரிஸ் நகரின் புகழ்பெற்ற சமையற்கலைஞர் மாரி அந்துவான் கரேம் (1784–1833), இளமையில் தேசிய நூலகத்துக்குச் சென்று கட்டடக்கலைப் படங்களைப் பார்த்து வரைந்துகொண்டு, அவற்றைப் போலவே சர்க்கரையில் கோயில்களையும் இடிந்த மண்டபங்களையும் செய்து கடையின் சன்னலில் வைத்தார். மும்பையின் மழைக்காலத்தை அவர் அறிந்திருக்கவில்லை.

கேக்கின்மேல் நிற்கும் கோபுரத்தின் எடையைக் கேக் சுமக்கக் கூடாது என்பது அம்மையாரின் உறுதியான விதி. மரக்குச்சி ஒன்று கோபுரத்தின் நடுவே நுழைந்து, கேக்கைத் துளைத்து, அடியிலுள்ள பலகை வரை இறங்குகிறது. குழந்தைகள் உண்பது என்பதால் எத்தனை குச்சிகள் உள்ளன என்பதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுகிறார். விப்பிங் கிரீமின் ஈரம் கோபுரத்தின் அடியைக் கரைத்துவிடும். எனவே கோட்டைக் கேக்குக்குச் சாக்லேட் கனாஷ் பூச்சு மட்டுமே.

விலையைப் பற்றிக் கேட்டோம். முன்பு எல்லாரையும் போலக் கிலோ கணக்கில்தான் விற்றாராம். கோபுரமோ எடையற்றது, ஐந்து நாள் உழைப்பு அந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை. இப்போது கேக் கிலோவுக்கு 900 ரூபாய், கோபுரம் ஒன்றுக்கு 450 ரூபாய் எனத் தனித்தனியே எழுதிப் பாதித் தொகையை முன்பணமாகப் பெறுகிறார். சிலர் திரும்பிப் போய்விட்டார்கள் என்பதையும் மறைக்கவில்லை. முத்ரா திட்டத்தின் ‘சிசு’ பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் பெறலாம். அவ்வகையில் வாங்கிய அடுப்பின் தவணை, குளிர்சாதனத்துக்கான மின்கட்டணம் ஆகியவற்றையும் தனிக் குறிப்பேட்டில் எழுதிவருகிறார். வீட்டுச் செலவோடு கலந்திருந்த காலத்தில், மழை மாதங்களில் இழப்பு ஏற்படுவதே தெரியவில்லையாம்.

மறுநாள் அவருடன் நாங்களும் சென்றோம். கேக் ஒரு பெட்டியில், கோபுரங்கள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வேறொரு அட்டைப் பெட்டியில். விழா வீட்டிலேயே இருபது நிமிடங்களில் நான்கையும் பொருத்தினார். மின்விசிறியை யாரோ வேகமாக வைத்தபோது மட்டும் கொடிகளில் ஒன்று பறந்துபோயிற்று. கோபுரத்தைத் தின்னலாமா என்று சிறுமி கேட்டாள். தின்னலாம், ஆனால் பல் வலிக்கும் என்றார். ஒன்றை அந்த வீட்டார் கண்ணாடி அலமாரியில் வைத்திருப்பதாகவும், நவராத்திரி வரையிலும் அது நின்றிருந்ததாகவும் பின்னர் தொலைபேசியில் தெரிவித்தார்.