ஒரே பால், நான்கு கிண்ணம்: ஏ.டி.எச்.டி ஆராய்ச்சி எப்படி இயங்குகிறது?

ராத்திரி உறை ஊற்றி வைத்த பால் காலையில் தோயவில்லை என்றால் வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். "பாலில் தண்ணி ஜாஸ்தி" என்பார் மாமியார். "சூடு நல்லா ஆறின பிறகு ஊத்தியிருப்பே" என்பார் அம்மா. "இந்தக் குளிருக்கு எங்கே தோயும்?" என்பார் பக்கத்து வீட்டு அக்கா. மூன்றும் சரியாக இருக்கலாம், மூன்றும் தவறாகவும் இருக்கலாம்.

பிள்ளை ஓரிடத்தில் உட்காராமல், சொன்னதை மறந்து, வகுப்பில் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாலும் இதே கதைதான். இனிப்பு என்பார் ஒருவர், செல்போன் என்பார் இன்னொருவர். "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே" என்ற சொல் நேராக அம்மாவின் தலையில் வந்து விழும். கவனம் நிற்காமையும் அடங்காத துறுதுறுப்பும் சேர்ந்த ஏ.டி.எச்.டி என்று மருத்துவர் பெயர் சொன்ன பிறகும், தன் வளர்ப்பில்தான் குறையோ என்று தூக்கம் கெட்டுக் கிடக்கும் தாய்மார் உண்டு. இத்தனை யூகங்களில் எது நிற்கும், எது உதிரும் என்று பிரித்துப் பார்ப்பதுதான் ஆராய்ச்சியின் வேலை. ஒருநாள் உங்களிடமும் ஒரு படிவத்தை நீட்டி, "ஆராய்ச்சியில் உங்கள் பிள்ளையைச் சேர்க்கலாமா?" என்று கேட்கக்கூடும். அதற்குமுன் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

தயிர் விஷயத்தில் உண்மை தெரிய ஒரே வழிதான் உண்டு. ஒரே பாலை நான்கு கிண்ணங்களில் ஊற்றி, கிண்ணத்துக்குக் கிண்ணம் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். 1990களில் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனம் முன்னின்று நடத்திய 'எம்.டி.ஏ' ஆய்வு இப்படி நான்கு கிண்ணம் வைத்ததுதான். அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஆறு ஆராய்ச்சிக் குழுக்கள், 579 பிள்ளைகள், 14 மாதச் சிகிச்சை. அதன் கையைப் பிடித்துக்கொண்டே போவோம்.

1. பாலைத் தேர்ந்தெடுப்பது

ஒரு கிண்ணத்தில் எருமைப்பால், இன்னொன்றில் பாக்கெட் பால் என்று ஊற்றினால், தயிர் வேறுபட்டதற்குக் காரணம் பாலா, உறையா என்று கடைசிவரை தெரியாது. அதனால்தான் எம்.டி.ஏ 7 முதல் 9 வயது வரையிலான பிள்ளைகளை மட்டும் எடுத்தது. அவர்களிலும் கவனக்குறைவு, துறுதுறுப்பு இரண்டும் சேர்ந்தே இருந்தவர்களை மட்டுமே சேர்த்தது.

"உங்கள் பிள்ளை இந்த ஆய்வுக்குப் பொருந்தவில்லை" என்று சொல்லிவிட்டால் மனம் வாட வேண்டாம். அது பிள்ளையின் கஷ்டத்தை மறுக்கும் பேச்சு அல்ல. இந்தக் கிண்ணத்துக்கு வேறு பால் வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். எந்தப் பாலில் பார்த்தோமோ, பதில் அந்தப் பாலுக்குத்தான் உறுதி. எம்.டி.ஏ பிள்ளைகளில் சுமார் 80% பேர் ஆண்பிள்ளைகள். சத்தம் போடாமல் கடைசி பெஞ்சில் கனவில் உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளைக்கு அதே பதில் அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. அவளுக்காகத் தனியாக ஒரு கிண்ணம் வைக்க வேண்டும்.

2. கேட்டு எடுப்பது

அடுத்த வீட்டுப் பாலைக் கேட்காமல் எடுக்க மாட்டோம். இங்கே கேட்பது இருவரிடம். பெற்றோர் தருவது சம்மதம். பிள்ளை தருவது இசைவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள்படி, 7 வயதைத் தாண்டிய பிள்ளையிடம் வாய்மொழியாகவும், 12 வயதுக்கு மேல் எளிய எழுத்து வடிவிலும் இசைவு கேட்க வேண்டும். அப்பா கையெழுத்துப் போட்டாயிற்று என்பதற்காகப் பிள்ளையின் தலையசைப்பைக் கேட்காமல் விடக்கூடாது.

3. கலக்கி ஊற்றுவது

காய்ச்சி ஆறவைத்த பாலைக் கலக்காமல் ஊற்றிப் பாருங்கள். ஆடை முழுக்க முதல் கிண்ணத்தில் போய் விழும். அந்தத் தயிர் கெட்டியாகத்தான் இருக்கும். அது உறையின் பெருமை இல்லை, ஆடையின் பெருமை.

பெற்றோரே சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தால் இதுதான் நடக்கும். வேலைக்கு விடுப்பு எடுக்க முடிந்த வீடுகள் பயிற்சி வகுப்புப் பக்கம் போகும். தவித்துப்போன வீடுகள் மாத்திரைப் பக்கம் போகும். பிறகு இரண்டையும் ஒப்பிட்டால் அது சிகிச்சைகளின் ஒப்பீடாக இருக்காது, வீடுகளின் ஒப்பீடாகிவிடும். எனவே எந்தப் பிள்ளை எந்தக் குழு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்கிறார்கள். மருத்துவருக்கும் அதில் விருப்பு வெறுப்பு கிடையாது. "என் பிள்ளைக்கு எது நல்லதோ அதைக் கொடுங்கள்" என்று போய் நிற்கும் பெற்றோருக்கு இந்தக் கட்டம் கடினமானது. எது நல்லது என்பது இன்னும் யாருக்கும் தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளத்தான் இத்தனை ஏற்பாடும் என்று நேர்மையாகச் சொல்லும் ஆய்வுதான் நல்ல ஆய்வு.

4. நான்கு கிண்ணங்கள்

முதல் குழுவுக்குக் கவனமாகக் கண்காணித்துத் தரும் மருந்து. இரண்டாவது குழுவுக்கு நடத்தைப் பயிற்சி மட்டும். மூன்றாவதற்கு இரண்டும். நான்காவது குழு வழக்கம்போலத் தங்கள் ஊர் மருத்துவரிடமே போனது.

நடத்தைப் பயிற்சி என்றால் நாலு வார்த்தை அறிவுரை என்று நினைத்துவிடக் கூடாது. பெற்றோருக்குக் குழுவாக 27 வகுப்புகள், தனியாக 8 சந்திப்புகள் வரை. பிள்ளைகளுக்குக் கோடையில் 8 வார முகாம். ஆசிரியருக்கு ஆலோசனை. போதாததற்கு, 12 வாரம் வகுப்பிலேயே ஓர் உதவியாளர். ஆராய்ச்சியில் சேர்வது பிள்ளை மட்டும் இல்லை, குடும்பமே சேர்கிறது. அந்த 27 வகுப்புகளுக்கு யார் போவது, அன்றைக்குச் சின்னவனை யார் பார்த்துக்கொள்வது என்பதையும் கணக்கில் வைத்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

5. ருசி பார்ப்பவருக்குச் சொல்லாதது

"இது நான் தோய்த்த தயிர்" என்று சொல்லிக் கொடுத்தால் கணவர் ஒரு மாதிரி சொல்வார், சொல்லாமல் கொடுத்தால் வேறு மாதிரி சொல்வார். நாக்கு பொய் சொல்லவில்லை. மனம் முந்திக்கொள்கிறது.

இனிப்புக் கதையையே எடுத்துக்கொள்வோம். 1994இல் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. ஒன்றில், தங்கள் மகனுக்குச் சர்க்கரை ஆகாது என்று நம்பிய தாய்மாரில் ஒரு பகுதியினரிடம், "பிள்ளைக்கு இப்போது நிறையச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம்" என்றார்கள். உண்மையில் ஒரு பிள்ளைக்கும் சர்க்கரை தரவில்லை. ஆனாலும் அந்தத் தாய்மார் தங்கள் பிள்ளைகள் அதிகமாகத் துள்ளுவதாக மதிப்பெண் போட்டார்கள். பிள்ளையை விட்டு நகராமல், கூடுதலாகக் குறையும் சொன்னார்கள்.

இன்னொன்று குடும்பத்தின் சமையலறைக்குள்ளேயே நுழைந்த ஆய்வு. மூன்று மூன்று வாரமாக மூன்று வகை உணவு. ஒன்றில் சர்க்கரை தூக்கல், மற்ற இரண்டிலும் செயற்கை இனிப்பு. எந்த வாரம் எது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. 25 சின்னப் பிள்ளைகளும், சர்க்கரை சாப்பிட்டால் ஆட்டம் தாங்காது என்று பெற்றோர் சொன்ன 23 பள்ளிப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அந்த 23 பேரிடம் 39 அளவைகளில் பார்த்தும் மூன்று உணவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு ஒன்றிலும் இல்லை. ஒன்பது வாரம் தங்கள் சாப்பாட்டை அந்நியர் கையில் ஒப்படைத்த குடும்பங்களால்தான் இன்று ஒரு மருத்துவர், "நீங்கள் கொடுத்த மிட்டாய் காரணம் இல்லை அம்மா" என்று தைரியமாகச் சொல்கிறார்.

எம்.டி.ஏவில் மருந்தின் அளவைக் கண்டதும் இப்படி மறைத்துத்தான். 28 நாள், ஒரே மாதிரி மாத்திரை உறைகள். நாளுக்கு நாள் உள்ளே அளவு மாறும், சில நாள் மருந்தே இருக்காது. மருந்தில்லாத அந்த வெறும் மாத்திரையை 'பிளாசிபோ' என்பார்கள். எந்த நாள் எது என்று தெரியாமல் பெற்றோரும் ஆசிரியரும் தினமும் குறித்தார்கள். இதை முடித்த 256 பேரில் 198 பேருக்கு மெத்தில்பெனிடேட் என்ற மருந்தில் ஏற்ற அளவு கிடைத்தது. மற்றவர்களுக்கு அது சரிப்படவில்லை, அல்லது தேவைப்படவில்லை. இதையும் கண்ணை மூடிக் குறித்த அந்தத் தாள்களே சொல்லின.

6. பதம் பார்ப்பது

பெற்றோரும் ஆசிரியரும் நிரப்பும் மதிப்பீட்டுப் படிவத்தை ஒரு முறை கையில் எடுத்துப் பாருங்கள். ஏ.டி.எச்.டியின் அடையாளங்கள் 18. ஒன்பது கவனம் பற்றியவை, ஒன்பது துறுதுறுப்பும் அவசரமும் பற்றியவை. "சொல்லி முடிக்கும் முன்பே பதில் சொல்கிறானா?" என்பது போல ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டங்கள்: இல்லவே இல்லை, கொஞ்சம், நிறைய, மிக அதிகம். அடுப்பில் குழம்பு கொதிக்க, மேடையில் தாளை வைத்து அம்மா 'மிக அதிகம்' என்று குறிக்கிறாள். அதே பிள்ளைக்கு ஆசிரியை 'கொஞ்சம்' என்று குறிக்கிறார். இருவரும் உண்மைதான் சொல்கிறார்கள். காலையில் பார்த்த தயிர் வேறு, மத்தியானம் பார்த்த தயிர் வேறு. அதனால்தான் இருவரையும் கேட்கிறார்கள். ஆராய்ச்சியாளருக்குப் பிடிக்கும் என்று கூட்டியோ, பிள்ளையைக் காப்பாற்ற நினைத்துக் குறைத்தோ போட வேண்டாம். பார்த்ததைப் பார்த்தபடி போடுங்கள்.

சில ஆய்வுகளில் கம்ப்யூட்டர் முன்னும் உட்கார வைப்பார்கள். 'கானர்ஸ்' சோதனையில் திரையில் 360 எழுத்துகள் ஒவ்வொன்றாக வரும். எக்ஸ் தவிர எது வந்தாலும் பட்டனை அழுத்த வேண்டும். 14 நிமிடம். பெரியவர்களுக்கே கை சலிக்கும். பிள்ளை வெளியே வந்ததும் "எத்தனை மார்க்?" என்று கேட்காதீர்கள். அது பரீட்சை இல்லை.

7. கிண்ணம் திறந்தபோது

1999 டிசம்பரில் எம்.டி.ஏவின் முடிவு வெளிவந்தது. நான்கு குழுக்களிலும் பிள்ளைகள் முன்னேறியிருந்தார்கள். ஏ.டி.எச்.டியின் முக்கிய அடையாளங்களில் மருந்துக் குழுவும் இரண்டும் சேர்ந்த குழுவும் முன்னே நின்றன. இரண்டும் சேர்ந்த குழுவுக்குக் குறைந்த மருந்தே போதுமாக இருந்தது: நாளுக்குச் சராசரி 31.2 மில்லிகிராம். மருந்து மட்டும் பெற்ற குழுவுக்கு 37.7.

நான்காவது கிண்ணம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அந்தக் குழுவிலும் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் மருந்து சாப்பிட்டார்கள். ஆனாலும் பின்தங்கினார்கள். மருந்துக் குழுவில் மருத்துவர் மாதாமாதம் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசினார், ஆசிரியரிடமும் விசாரித்தார். ஊர் மருத்துவரைப் பார்த்தவர்களுக்கோ ஆண்டுக்கு ஓரிரு முறை, அதுவும் கொஞ்ச நேரம். ஒரே உறைதான், கைப்பக்குவம் வேறு. மருந்துச் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவது சிகிச்சை ஆகாது என்பதை அந்தக் கிண்ணம் காட்டியது.

8. மறுநாள் தயிர்

காலையில் இனிக்கும் தயிர் மறுநாள் புளிக்கும். அதனால் நல்ல ஆய்வு 14 மாதத்தோடு கிண்ணத்தைக் கழுவி வைத்துவிடாது. எம்.டி.ஏவில் அந்த 14 மாதத்துக்குப் பின் குடும்பங்கள் தங்கள் விருப்பப்படி சிகிச்சையை மாற்றிக்கொண்டன. 2007இல் வந்த மூன்றாண்டுக் கணக்கில் நான்கு குழுக்களுக்கும் இடையிலிருந்த வேறுபாடு மறைந்திருந்தது. பிள்ளைகள் தொடங்கிய இடத்தைவிட நன்றாகவே இருந்தார்கள். ஆனால் முதல் ஆண்டின் முந்துதல் தானாக நிலைக்கவில்லை. மருந்து தொடர்ந்து சாப்பிட்டவர்களின் உயர வளர்ச்சி சற்றுக் குறைந்ததும் தெரியவந்தது. ஏ.டி.எச்.டி மருந்து சாப்பிடும் பிள்ளைக்கு ஒவ்வொரு முறையும் உயரம், எடை பார்ப்பதற்கு இப்படிக் கிடைத்த தகவல்களும் ஒரு காரணம். சாதகமானதை மட்டும் சொல்லாமல் இதையும் சொன்னதால்தான் அந்த ஆய்வை நம்புகிறோம்.

எதற்கு இத்தனை பேர்?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே தீ என்பதால் அது சரி. பிள்ளைகளோ ஒவ்வொருவரும் தனித்தனிப் பானை. ஒருவரைப் பார்த்து மற்றவரைச் சொல்ல முடியாது. ஏ.டி.எச்.டியில் மரபணுவின் பங்கைத் தேடியவர்கள் 2019இல் 20,183 பேரையும், அது இல்லாத 35,191 பேரையும் ஒப்பிட்டுத்தான் மரபணுத் தொகுப்பில் 12 இடங்களை உறுதிசெய்தார்கள். 2023இல் ஏ.டி.எச்.டி உள்ளவர்கள் 38,691 பேராகச் சேர்ந்தபோது இடங்கள் 27 ஆயின. ஒவ்வோர் இடத்தின் பங்கும் கடுகளவு. அத்தனை பேர் கைகொடுக்காமல் அந்தக் கடுகு கண்ணில் பட்டிருக்காது.

கையெழுத்துக்கு முன் கேளுங்கள்

இது சிகிச்சையா, ஆராய்ச்சியா? குலுக்கல் உண்டா? பிளாசிபோ உண்டா? ஏற்கெனவே சாப்பிடும் மருந்தை நிறுத்த வேண்டுமா? எத்தனை நாள் பள்ளிக்கு விடுப்பு எடுக்க வேண்டும்? பக்கவிளைவு வந்தால் ராத்திரியில் யாரைக் கூப்பிடுவது? பிள்ளையின் பெயரும் விவரமும் யார் கையில் இருக்கும்? முடிவை எங்களுக்கும் சொல்வீர்களா? தகவல் தாள் தமிழில் வேண்டும் என்று கேளுங்கள். நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்திருக்கிறதா என்று கேளுங்கள். மருந்துச் சோதனை என்றால், இந்தியாவில் 2009 ஜூன் முதல் அதைத் தேசியப் பதிவேட்டில் பதிவு செய்வது கட்டாயம். அந்தப் பதிவேட்டை யாரும் பார்க்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நடுவில் வேண்டாம் என்று தோன்றினால் வந்துவிடலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அதனால் உங்கள் பிள்ளையின் வழக்கமான சிகிச்சை ஒரு இம்மியும் குறையக்கூடாது.

உறைமோர் தீர்ந்துபோன ராத்திரியில் கிண்ணத்தோடு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறோம். அவர்கள் தந்த ஒரு கரண்டிதான் நம் பாலைத் தயிராக்கியது. ஏ.டி.எச்.டி பற்றி நம் மருத்துவர்கள் இன்று சொல்வதில் பெரும்பகுதி எங்கோ முகம் தெரியாத பிள்ளைகள் தந்த உறைதான். நம் பிள்ளைகளைப் பற்றிய கணக்கும் மெல்லச் சேர்கிறது. கோயம்புத்தூர் மாவட்டத்தில் 770 ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் சம்மதித்ததால், 2013இல் அந்தப் பக்கத்துக்கென்று ஒரு கணக்கு வெளிவந்தது. நீங்கள் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். இரண்டுமே உங்கள் உரிமை. கொடுப்பதென்று முடிவு செய்தால், இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, "உனக்கு இஷ்டமா?" என்று கேளுங்கள். அவன் சொல்லும் பதிலை முழுசாகக் கேளுங்கள்.