திரை உறங்கும் நேரம்

தேர்வுக்கு முந்தின இரவில் விளக்கை எரியவிட்டுப் புத்தகத்தின் மேலேயே தலைசாய்த்து உறங்கிவிடுவது மாணவர்க்குப் புதிதன்று. அவ்வாறு உறங்கினால் முன்னாளில் எண்ணெய்தான் குறைந்தது, புத்தகம் குறையவில்லை. டாப்லெட் என்று நாம் வழங்கும் கைக்கணினியிலோ விளக்கும் புத்தகமும் ஒன்றே. விளக்கு அணைந்தால் புத்தகமும் மறைந்துவிடும். விடியற்காலையில் மின்தடையும் வந்து சேர்ந்துவிட்டால் மாணவன் பாடு திண்டாட்டந்தான்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2010ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் ஐபேடின் மின்கலம் 25 வாட்-மணி மின்னாற்றலைக் கொள்ளக்கூடியது. அதனைக் கொண்டு 10 மணி நேரம் வரை கருவியைப் பயன்படுத்தலாம் என்று அதைச் செய்தவர்கள் கூறினார்கள். அப்படியானால் விழித்திருக்கும்போது அதன் செலவு சுமார் இரண்டரை வாட். அதே கருவி, திரை அணைந்து உறங்கும் நிலையில் ஒரு மாதத்திற்கு மேல் தாங்கும் என்றும் அறிவித்தார்கள். மாதத்திற்கு 720 மணி. இருபத்தைந்தை அதனால் வகுத்தால், ஒரு வாட்டில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கே வருகிறது. விழிப்புக்கும் உறக்கத்திற்கும் இடையே எழுபது மடங்கு வேறுபாடு!

திரை அணைந்ததும் உள்ளிருக்கும் கணிப்பகுதியும் பெரும்பாலும் ஓய்வு கொள்கிறது. ஆயினும் பெருஞ்செலவாளி திரையே. எல்சிடி வகைத் திரை தானாக ஒளிர்வதில்லை. அதன் பின்புறத்தே விளக்குகள் எரிகின்றன. பக்கம் கறுப்பாகத் தோன்றும் இடத்திலும் அவ்விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. முன்னேயுள்ள திரவப் படிகம் ஒளியைத் தடுத்து நிறுத்துகிறது, அவ்வளவே. ஓஎல்இடி வகையிலோ ஒவ்வொரு புள்ளியும் தனி விளக்கு. கறுப்பு என்றால் அங்கே விளக்கே அணைந்திருக்கிறது. ஆகவே, கறுப்புப் பின்னணி வைத்தால் மின்சாரம் மிச்சமாகும் என்று நண்பர்கள் சொல்வது இரண்டாம் வகைக்கே பெரிதும் பொருந்தும். எந்த வகையானாலும் ஒளியின் அளவைக் குறைப்பது பயன் தரும்.

இனி, திரை எப்போது அணைய வேண்டும்? கருவி பொதுவாக நம் விரல் தொட்டதை மட்டுமே அறியும். கடைசியாகத் தொட்ட நொடியிலிருந்து அது காலத்தை எண்ணத் தொடங்குகிறது. நாம் ஆழ்ந்து படிக்கிறோமா, குறட்டை விடுகிறோமா என்பது அதற்குத் தெரியாது. ஐபேடில் ‘ஆட்டோ லாக்’ என்னும் அமைப்பில் 2, 5, 10, 15 நிமிடங்கள் என்றும், ‘ஒருபோதும் வேண்டாம்’ என்றும் தேர்வுகள் உண்டு. ஆண்ட்ராய்டு கருவிகளில் இதுவே ‘ஸ்கிரீன் டைம்அவுட்’ என்ற பெயரில் காணப்படும்.

நானும் ஒருமுறை, நீண்ட கட்டுரை ஒன்றைப் படிக்கையில் திரை அடிக்கடி அணைந்ததால் எரிச்சலுற்று, ‘ஒருபோதும் வேண்டாம்’ என்று மாற்றிவிட்டு மறந்துபோனேன். மறுநாட் காலையில் கருவி கண்ணையே திறக்கவில்லை. மேற்சொன்ன கணக்கின்படி 8 மணி நேரத் தூக்கத்திற்கு 20 வாட்-மணி செலவு. குற்றம் கருவியுடையது அன்று.

படிப்பதற்கு 5 நிமிடம் போதுமென்பது என் கருத்து. திரையைப் பார்த்து நோட்டில் கணக்குப் போடும்போது 10 நிமிடம் வைத்துக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் பழையபடி குறைத்துவிட வேண்டும். திரை அணைவதோடு கருவி பூட்டிக்கொள்ளவும் செய்வதால், விடுதியில் பிறர் நம் கடிதங்களைப் படிப்பதும் தவிரும். மின்சாரம் அருகிய வேளையில் ‘லோ பவர் மோட்’ உதவும். 2021ஆம் ஆண்டு முதல் ஐபேடிலும் அது உண்டு. அதை இயக்கினால் திரை 30 நொடியிலேயே அணையும்படி அமைந்துவிடும்.

மின்கலத்திற்கு வெப்பம் பகை. 35 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டைத் தவிர்க்கும்படி ஐபேடு செய்வோர் கூறுகிறார்கள். நம் ஊர்க் கோடையில் அதற்கு வெயிலே போதும். ஆதலால் சன்னலோரத்து வெயிலிலோ, தலையணைக்கு அடியிலோ வைத்து மின்னேற்றம் செய்யாதீர்கள். மேசைமேல் காற்றுப்படும் இடத்தில் வைத்து, இரவில் படுக்கும்முன் திரையை அணைக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்திவிடுங்கள். அமைப்பில் எத்தனை நிமிடம் குறித்திருந்தாலும் திரை அந்தக் கணமே உறங்கிவிடும்.