ரோலர் நின்ற பிறகும்

புசல்லாவைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். தேயிலை பெக்டரியில் ரோலர் அறையில் சில வருடம் நின்றவர். காதுக்குள் ராப்பகலாகச் சில்வண்டு கத்துகிறதாம். ஆஸ்பத்திரியில் சோதித்து, "உங்களுக்குக் காது நன்றாகக் கேட்கிறது" என்று அனுப்பிவிட்டார்கள். "அப்படியென்றால் கத்துவது யார் ஐயா?" என்கிறார்.

காது இரைச்சல் எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. என்னைப் பிடித்துக்கொண்டது, மூளையிடமே ஒட்டுக்கேட்கும் முறைதான். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் மின்முனைகளை ஒட்டி, காதுக்குள் 'டிக், டிக்' என்று ஆயிரக்கணக்கில் விடுவார்கள். ஒரு டிக்குக்கு மூளைத்தண்டு தரும் பதில் வோல்ட்டின் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இராது. மூளையின் மற்றச் சந்தடியில் அமுங்கிப்போகும். எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி பார்த்தால் சந்தடி கழிந்து, 10 மில்லிசெக்கனுக்குள் எழும் குட்டி அலைகள் மிஞ்சும். முதல் அலை காது நரம்பினுடையது. ஐந்தாவது, மூளைத்தண்டின் மேல்பகுதியில் எழுவது.

2011இல் லண்டனில் ஷெட்டே, மெக்கல்பைன் என்ற ஆய்வாளர்கள், காது நன்றாகக் கேட்டும் இரைச்சலால் அவதிப்பட்ட 15 பெண்களைச் சோதித்தார்கள். உரத்த டிக்குக்கு முதல் அலை சிறுத்திருந்தது. ஐந்தாவது குறையவில்லை!

எனக்குக் கொழுந்து நிறுவை ஞாபகம் வந்தது. மலையில் குறைந்து நிற்கிற கொழுந்து பெக்டரித் தராசில் முழு எடை காட்டினால், கணக்கப்பிள்ளையாக இருந்த என் அப்பா தண்ணீர் ஊற்றியிருக்கிறார்களா என்று முதலில் சாக்கைத்தான் பிழிந்து பார்ப்பார். மூளையும் நரம்பு கொண்டுவராததைத் தானே ஊற்றி ஈடுகட்டுகிறது. அந்த ஊற்றலில் சும்மா கிடந்த நரம்புத் துடிப்பும் பெருத்துச் சில்வண்டாகிறது என்பது அந்த லண்டன் ஆய்வாளர்களின் கருத்து. பிறகு சோதித்த எல்லோருக்கும் இதே விடை கிடைக்கவில்லை. ஆகவே டொக்டரிடம் போய் இந்தச் சோதனையை எழுதித் தரச்சொல்லிக் கேட்காதீர்கள்.

நரம்பு ஏன் இளைத்தது? 2009இல் அமெரிக்காவில் குஜாவாவும் லிபர்மனும் எலிகளை 2 மணி நேரம் இரைச்சலில் வைத்தார்கள். கொஞ்ச நாளில் காது பழையபடி கேட்டது. ஆனால் உட்செவியின் ஒரு பகுதியில், ஒலியை உணரும் மயிர்க்கலங்களை நரம்போடு சேர்க்கும் இணைப்புகளில் பாதியளவு திரும்பவேயில்லை. "வேலை விட்டால் காது அடைக்கும், விடிஞ்சா சரியாகிடும்" என்று நம் ஆட்கள் சொல்வது, காது பழையபடி கேட்கிற அந்தப் பாதியை மட்டும்தான். இரைச்சலில் நாளுக்கு 8 மணி நேரம் நிற்பதென்றால் பொதுவாகப் பரிந்துரைக்கும் எல்லை 85 டெசிபல்தான். 3 கூடினால் நேரம் பாதியாக வேண்டும். ரோலருக்குக் கிரீஸ் தவறுவதில்லை. ரோலர்காரருக்கு ஒரு துண்டுப் பஞ்சு, அதுவும் அவர் வீட்டிலிருந்து. பஞ்சு இரைச்சலை அவ்வளவாக மறிக்காது.

கடிதத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒன்று எழுதியிருந்தார்: தகரத்தில் மழை விழுகிற ராத்திரிகளில் சில்வண்டு வாயை மூடிக்கொள்ளுமாம்.