ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு

திருநெல்வேலிப் பக்கம் 31 வருஷம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தேன். பிள்ளைகளுக்குப் பி.டி. சார். விளையாட்டு விழாவுக்குப் பத்து நாள் முன்னால் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று எண்ணச் சொல்வேன். ஒண்ணு சிவப்பு, ரெண்டு நீலம், மூணு பச்சை, நாலு மஞ்சள். சட்டையில் குத்திக்கொள்ள ஆளுக்கொரு துண்டு ரிப்பன். உயரம், திறமை, தெரு எதையும் பார்ப்பதில்லை. ஒருவன் ஓர் இடம் தள்ளி நின்றிருந்தால் அவன் அணியே வேறு.

மூன்றாம் நாள், "பச்சைக்காரனுவ எப்பவுமே அழுகுணி ஆட்டந்தான் சார்" என்று ஒரு சிவப்பு வந்து நிற்கும். எப்பவுமே என்றால் முந்தாநாளிலிருந்து. ஒரு வருஷம் இரட்டைப் பையன்களின் அம்மா பள்ளிக்கே வந்துவிட்டார். பக்கத்துப் பக்கத்தில் நின்றதால் இருவருக்கும் எண் மாறியிருந்தது. "ஒரே பாயில படுக்க புள்ளைய சார். இப்போ நடுவுல தலைகாணிய வச்சுக்கிட்டுல்லா படுக்கானுவ. ஒரே கலர்ல போட்டுருங்க சார்."

ஹென்றி டாஜ்ஃபெல் என்ற உளவியலாளரைப் பற்றி ஓய்வுபெற்ற பிறகுதான் படித்தேன். 1919-ல் போலந்தில் பிறந்த யூதர். பிரெஞ்சுப் படையில் சேர்ந்து ஜெர்மானியரிடம் பிடிபட்டு, போர் முடியும்வரை கைதி முகாமில் இருந்தார். வெளியே வந்தபோது குடும்பத்தில் அநேகமாக யாரும் மிஞ்சவில்லை. பின்னாளில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 14, 15 வயதுப் பள்ளிப் பையன்களை வைத்து ஒரு சோதனை செய்து 1970-ல் வெளியிட்டார். திரையில் புள்ளிகளைக் காட்டி எத்தனை என்று கேட்டார். கூட்டிச் சொன்னவர்கள் ஒரு குழு, குறைத்துச் சொன்னவர்கள் ஒரு குழு என்றார். உண்மையில் அது சும்மா பிரித்துப்போட்டதுதான், என் ஒண்ணு ரெண்டு மாதிரி. பிறகு ஒவ்வொருவனையும் தனியாக உட்காரவைத்து, காசாக மாறக்கூடிய பாயின்ட்டுகளை மற்றவர்களுக்குப் பங்கிடச் சொன்னார். தனக்கு எடுத்துக்கொள்ள வழியில்லை. யாருக்குக் கொடுக்கிறோம் என்பதும் தெரியாது. எந்தக் குழு என்பது மட்டும் தெரியும்.

இதேபோல் சும்மா பிரித்துச் செய்த அடுத்த சோதனையில், ஓர் அட்டவணைப்படி தன் குழுக்காரனுக்கு 19 கொடுக்கலாம். கொடுத்தால் அடுத்த குழுக்காரனுக்கு 25 போய்விடும். 7 கொடுத்தால் அவனுக்கு 1 மட்டுமே. நடுவில் இருவருக்கும் 13. பையன்கள் 12-க்கு 11 என்ற பக்கமாகச் சாய்ந்தார்கள். நம்மாளுக்கு ஏழு பாயின்ட் போனாலும் போகட்டும், அவன் நம்மைவிட ஒன்றாவது குறைய வாங்கட்டும்! சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் இல்லை. பிரித்துவிட்டது ஒன்றுதான் காரணம்.

சிரிக்கலாம் என்றால் எனக்கு வாய் வரவில்லை. ஒரு வருஷம் நான் பச்சை அணிக்குப் பொறுப்பு. 100 மீட்டரில் எல்லைக்கோட்டருகே நின்றதும் நான்தான். பச்சையும் மஞ்சளும் மாரோடு மாராக வந்தார்கள். பச்சைக்கு இரண்டாமிடம் என்று கை காட்டினேன். பொய் சொல்லவில்லை, என் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. மஞ்சள் பையன் ஒன்றும் பேசாமல் செருப்பைத் தேடிப் போனான்.

ரிப்பன் நல்லதும் செய்யும். பீரியட் முழுக்க முட்டிவலி என்று வேப்பமரத்தடியில் உட்காருகிறவன், அணிக்கு ஆள் குறைகிறது என்றால் 1500 மீட்டர் ஓடி முடித்துவிட்டு வாந்தி எடுப்பான்.

ஆனால் என் ரிப்பனுக்கு முன்பே மணிக்கட்டில் ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் பிள்ளைகள் வருகிறார்கள். எந்த நிறக் கயிறு எந்தச் சாதி என்று எங்கள் பக்கம் ஆசிரியர்களுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்போம். 2023-ல் நாங்குநேரியில் சாதிப் பகையில் ஒரு மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, இந்தக் கயிறுகளைப் பள்ளிகளில் தடை செய்யச் சொல்லி 2024-ல் அறிக்கை தந்தது.

என் கடைசி வருஷத்துத் தொடர் ஓட்டத்தில் நீல அணிக்கு நாலு பேர், இரண்டு நிறக் கயிறு. பேட்டனைத் திரும்பிப் பார்க்காமல் வாங்க வேண்டும். பின்னால் வருகிறவனை நம்பாவிட்டால் கை நீளாது. முதல் நாள் நாலு தடவை கீழே விழுந்தது. ஏழாம் நாள் ஒரு தடவைகூட விழவில்லை. மதியச் சாப்பாட்டுக்கும் நாலு தட்டும் ஒரே இடத்தில். விழாவில் முதல் பரிசு.

திங்கட்கிழமை ரிப்பன்களை எண்ணி வாங்கிப் பெட்டியில் போட்டேன். மதியம் வேப்பமரத்தடியில் இரண்டு பேர், சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் இரண்டு பேர்.