உலாவியின் கோளாறும் விசைகளின் ஒழுங்கும்

பல்கலைக்கழக அனுமதிக்கு விண்ணப்பித்தல், பரீட்சைப் பெறுபேற்றை அறிதல், உத்தியோகத்துக்கு மனுச் செய்தல் முதலிய கருமங்கள் பல இன்று இணையத்தின் வாயிலாக நடைபெறுகின்றன. இணையப் பக்கங்களை நமக்குத் திறந்து காட்டும் நிரலுக்கு உலாவி என்று பெயர். விண்ணப்பத்தின் இறுதி நாளன்று அவ்வுலாவி முரண்டு பிடிக்குமாயின், இடருறுவது ஒரு மாணவனின் எதிர்காலமாகும். ஆதலின், அதன் கோளாற்றை அறியும் முறையை, 2004ஆம் ஆண்டில் முதற் பதிப்பாக வெளிவந்த பயர்பொக்ஸ் என்னும் உலாவியை உதாரணமாகக் கொண்டு நோக்குவோம்.

உலாவி பழுதுற்றதும் அதனை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுவது பலரது வழக்கம். அதனாற் பெரும்பாலும் பயன் விளைவதில்லை. ஏனெனில், நிரல் ஓரிடத்திலும், நாம் குறித்துவைத்த பக்கங்கள், கடவுச்சொற்கள், நீட்சிகள் என்பன வேறோரிடத்திலும் சேமிக்கப்பட்டுள்ளன. உலாவியின் ஆற்றலைப் பெருக்குதற்கு நாமே சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்களே நீட்சிகள். பழுது அவற்றிடையே இருப்பின், நிரலை மாற்றியும் அது நீங்காது.

எனவே, குற்றம் எங்கே உளது என்பதை முதலில் அறிதல் வேண்டும். அதே பக்கத்தை வேறோர் உலாவியில் திறந்து பாருங்கள். அங்கும் திறக்கவில்லையெனின், குற்றம் பெரும்பாலும் அத்தளத்திலோ இணைப்பிலோ இருக்கும். அங்கே திறக்குமாயின், பயர்பொக்ஸின் உதவிப் பட்டியலுக்குச் சென்று, பழுதறியும் முறையில் அதனை மீளத் தொடங்குங்கள். அம்முறையில் நீட்சிகள் யாவும் தற்காலிகமாக ஓய்ந்திருக்கும். கோளாறு மறையுமாயின், அவற்றுள் ஒன்றை ஐயுறுதற்கு இடமுண்டு. எட்டு நீட்சிகள் இருப்பினும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டியதில்லை. முதலில் நான்கு, பின்னர் இரண்டு, அதன்பின் ஒன்று எனப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதித்துவரின், குற்றம் ஒன்றனிடத்தே இருப்பின் மூன்றே சோதனைகளில் அது அகப்பட்டுவிடும்.

கோளாறு மறையவில்லையெனின், அத்தளம் கணினியில் விட்டுச்சென்ற குக்கிகளை அழித்துப் பாருங்கள். அதன்பின் தளத்தினுள் மீண்டும் புகுதற்குக் கடவுச்சொல் தேவைப்படுமாதலின், அதனை முன்னரே குறித்துக்கொள்வது நன்று. உலாவியைப் புதுப்பிக்கும் ஏற்பாடு இறுதி மருந்தாகும். அதனாற் குறித்துவைத்த பக்கங்களும் கடவுச்சொற்களும் காக்கப்படும், நீட்சிகள் அகற்றப்படும்.

கோளாறு போலத் தோன்றியும் கோளாறல்லாத ஒன்றும் உண்டு. விண்ணப்பத்தை நிரப்புங்கால், ஓர் எழுத்தை அழிக்கும் எண்ணத்தோடு பக்ஸ்பேஸ் விசையை அழுத்தியவர், எழுதும் கட்டத்துக்கு வெளியே குறி இருந்தமையால் முந்திய பக்கத்துக்குத் தள்ளப்பட்டு, எழுதியவற்றை இழந்ததுண்டு. உலாவி தனக்கு இட்ட பணியையே செய்தது. அப்பணி அவ்விசைக்குப் பொருந்தவில்லை. இதனை உணர்ந்து குரோம் உலாவி 2016ஆம் ஆண்டிலும், பயர்பொக்ஸ் 2021ஆம் ஆண்டிலும் அவ்வழக்கத்தைக் கைவிட்டன.

நீட்சிகளுக்குரிய விசைக்கூட்டுகளை நம் விருப்பப்படி மாற்றும் வசதி 2019ஆம் ஆண்டு முதல் பயர்பொக்ஸில் உண்டு. நீட்சிகளின் பக்கத்திலுள்ள பற்சக்கரக் குறியைத் தொட்டால் அவ்வேற்பாடு தோன்றும். ஓர் எழுத்தோடு கொன்ட்ரோல் அல்லது அல்ட் விசையைச் சேர்த்தே கூட்டு அமைத்தல் வேண்டும். உலாவிக்கு ஏற்கனவே உரிய கூட்டை மற்றொன்றுக்கு வழங்காதீர்கள். ஒரே அழைப்புக்கு இருவர் உரிமை கோருவது போன்ற குழப்பம் அதனால் விளையும். ஒரு கை தளர்ந்தவர்க்கு, எட்டாத மூன்று விசைகளை ஒருங்கே அழுத்துவது பெருந்துன்பம். அவருக்கு அருகருகே அமைந்த இரு விசைகளைத் தெரிந்து கொடுத்தால், பிறர் துணையின்றித் தம் கருமத்தைத் தாமே முடித்துக்கொள்வார்.

நேயர்களே, இச்சோதனைகளை இறுதி நாள்வரை ஒத்திவையாது, ஓய்வுள்ள ஒரு மாலையில் உங்கள் பிள்ளைகளுடன் அமர்ந்து செய்து பழகுவீர்களாக.