நாக்கு தேடிய குறுக்குவழி

காபிக் கடைப் பலகையில் 'லாட்டே' என்று பார்த்திருப்பீர்கள். இத்தாலிக்குப் போய் 'ஒரு லாட்டே' என்று மட்டும் கேட்டால் காபி வராது, வெறும் பால்தான் வரும். அங்கே பாலுக்குப் பெயரே அதுதான்.

ஸ்பெயினில் பால் 'லெச்சே'. போர்ச்சுகலில் 'லெய்தே'. ருமேனியாவில் 'லாப்தே'. நாலுக்கும் தாய், ரோமப் பேரரசில் பேசிய லத்தீன். அந்தப் பேச்சில் பால், 'லாக்தே'.

'லாக்தே' என்று சொல்லிப் பாருங்கள். 'க்' சொல்லும்போது நாக்கின் பின்பக்கம் எழும்புகிறது. உடனே 'தே' சொல்ல, நுனி பல்லுக்கு ஓட வேண்டும். தலைமுறை தலைமுறையாக ஓடினால் நாக்கு குறுக்குவழி தேடாதா? இத்தாலியர் 'க்'கை விட்டுவிட்டு அடுத்த ஒலியையே இரட்டித்தார்கள். போர்ச்சுகலில் 'க்' இளகி 'ய்' ஆனது. ஸ்பெயினிலும் முதலில் அப்படித்தான். பிறகு அந்த 'ய்' பக்கத்துத் தகரத்தோடு ஒட்டிக்கொண்டு 'ச்ச' ஆனது. நம் வீட்டில் 'வைத்து' 'வச்சு' ஆகிறதே, அதே வேலை! ருமேனியரோ 'க்'கை உதட்டுக்கே கொண்டுவந்து 'ப்' ஆக்கிவிட்டார்கள்.

ஒரே சொல்லை வைத்து உறவு சொல்லிவிடக் கூடாது. எட்டுக்கு இத்தாலியில் 'ஒட்டோ'. நம்ம 'எட்டு' மாதிரியே இருக்கிறதே என்று துள்ளாதீர்கள், அது தற்செயல். மொழி அறிஞர்கள் தேடுவது ஒழுங்கை. லத்தீன் 'ஒக்தோ' ஸ்பெயினில் 'ஒச்சோ', போர்ச்சுகலில் 'ஒய்தோ', ருமேனியாவில் 'ஒப்த்'. இரவு என்னும் 'நொக்தே'யும் அப்படியே: நொட்டே, நொச்சே, நொய்தே, நுவாப்தே. பாலுக்கு நேர்ந்தது எட்டுக்கும் இரவுக்கும் பிசகாமல் நேர்ந்திருக்கிறது.

இப்படி ஒலிகள் மாறிக்கொண்டே போனால் பழைய லத்தீன் யாருக்குப் புரியும்? கி.பி. 813-இல் பிரான்சின் தூர் நகரில் கூடிய கிறிஸ்தவ ஆயர்கள், மக்கள் பேசும் மொழியிலேயே பிரசங்கம் செய்யச் சொன்னார்கள். லத்தீன் அதற்குள் அவ்வளவு அந்நியமாகியிருந்தது.

சரி, லத்தீனின் பிள்ளைகளான இந்த மொழிகளில் யாருக்கு யார் நெருக்கம்? ஓநாயைக் கேட்போம். ஸ்பெயினில் ஓர் ஓநாய் 'லோபோ', பல 'லோபோஸ்'. போர்ச்சுகலிலும் பன்மைக்கு 'ஸ்'தான். இத்தாலியில் 'லூப்போ', 'லூப்பி'. ருமேனியாவிலும் 'ஸ்' கிடையாது. ஆகவே வட இத்தாலியில் லா ஸ்பெசியாவிலிருந்து ரிமினி வரை ஒரு கோடு கிழித்து, அறிஞர்கள் இந்த மொழிகளை மேற்கு, கிழக்கு என்று பிரித்தார்கள்.

சார்டீனியா தீவுதான் தகராறு செய்கிறது. பன்மைக்கு ஸ்பெயின் போல 'ஸ்'. எட்டுக்கோ இத்தாலி போல 'ஒட்டோ'. லத்தீனில் நூறு 'கெந்தும்'. இத்தாலியர் அதன் 'கெ'யை 'செ' ஆக்கி 'செந்தோ' என்கிறார்கள். சார்டீனியாவின் நடுமலை ஊர்களில் இன்றும் 'கெந்து'தான். எந்தப் பக்கம் சேர்ப்பது? அறிஞர்கள் பலர் அதைத் தனிக்கிளை என்று சொல்லி விட்டுவிட்டார்கள்.